அவத் தஸூக்கி அவத் என்று நான்கு பேர்

அவத் தஸூக்கி அவத் என்ற பெயரில் நான்கு பேர் எங்கள் ஊரின் வாயில் அடிபட்டிருக்கிறார்கள். ஒருவனைக் கல்லறையாக மட்டும் பார்த்திருக்கிறேன். இன்னொருவனைப் பெயர்ப்பலகையாக. மூன்றாமவனைக் காவல் நிலையத்துத் தாளாக. நான்காமவர் என் பக்கத்து வீட்டுக்காரர், குடல்கடை வைத்திருந்தவர். இது அவரைப் பற்றியது. மற்ற மூவரை விட்டுவிட்டு அவரைச் சொல்லலாம் என்றால், ஊர் ஒருநாளும் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

ஒரே பெயர் எப்படி நான்கு பேருக்கு வந்தது என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் தஸூக் ஊரில், தஸூக்கி என்று நாங்கள் சொல்லும் இறைநேசர் அடங்கியிருக்கிறார். அவர் பெயரை வீட்டில் ஒரு பிள்ளைக்காவது வைக்காமல் எங்கள் பக்கத்தில் விடமாட்டார்கள். முன்னால் பிறந்தது செத்துப்போய் அடுத்ததாகப் பிறந்தால் அது அவத், அதாவது ஈடு. மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர். முழுப்பெயர் என்பது தன் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர். இவ்வளவுதான் சரக்கு. தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் எருமை மாதிரி அதே பெயர் அதே தடத்தில் திரும்ப வரும். நாற்பது ஆண்டுகள் சுகாதார அலுவலகத்தில் பிறப்பு இறப்பு எழுதியவன் நான். எனக்கு அருவருப்பு பெயரில் இல்லை. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்கள் செய்வதில்.

முதல் அவத் மஹ்மூதிய்யா கால்வாய் வெட்டிய காலத்தவன். ஊர் ஆண்களைக் கழுத்துக்குக் கழுத்து கயிறு கட்டி இழுத்துப்போய் வேலைக்கு விட்டவன். அவன் ஓட்டிக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களை இன்னும் சில வீடுகளில் சொல்லி அழுவார்கள். அதே வீட்டுப் பெண்கள் இப்போது அவன் கல்லறையின் பச்சைக் கும்மட்டத்துக்குப் போய், பிள்ளை வேண்டி ஜன்னல் கம்பியில் துணி முடிகிறார்கள். கயிறு போட்டவனுக்கே முடிச்சு. அந்தத் துணிகளில் எண்ணெயும் தலைமுடியும் ஒட்டி, கோடையில் ஒரு நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த வழியாகப் போவேன்.

இரண்டாமவன் சிப்பாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் செத்தான். எதிரியின் குண்டில் இல்லை. சண்டை தொடங்குவதற்கு முன்பே பாசறையில் கெட்டுப்போன மொச்சையைத் தின்று, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து செத்தான். உடலைக் கழுவிய என் பெரியப்பா சொன்னது இது. பாவம், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு தியாகி தேவைப்பட்டான். ஆண்கள் ஆரம்பப் பள்ளிக்கு அவன் பெயரை வைத்தார்கள். பலகையில் கழுகும் துப்பாக்கியும் வரைந்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் என் பக்கத்து வீட்டு அவத் சேர்ந்தான். தன் முழுப்பெயர் எழுதிய பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே போனான். கணக்கு வாத்தியார் அவனை விடவில்லை.

"தியாகி, எழுந்திரு. சொர்க்கத்துல இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு?"

"மொச்சை, ஐயா," என்றான் அவத். அவனுக்கும் அந்தக் கதை தெரியும்.

அடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் அவனுக்குச் சிரிப்பு என்றால் பயம். முதுகுக்குப் பின்னால் யாராவது சிரித்தால், ஐம்பது வயதிலும் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது அவர் தாயின் பெயர்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தன் தாயின் பெயரைத் தெருவில் சொல்லமாட்டான். 'அம்மா', 'ஹாஜ்ஜா', 'இன்னாரின் தாய்' என்பதோடு சரி. ஒருவன் தாயின் பெயர் இன்னொருவன் வாய்க்குப் போனால் கத்தி எடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமகளுக்குப் பெயர் இருக்காது, 'இன்னாரின் மகள்' என்று இருக்கும். கல்லறைக் கல்லிலும் அப்படியே. இந்தப் பெரிய மானம் எனக்கு எப்போதும் குமட்டிக்கொண்டு வரும். பெற்றவளின் பெயரை மலம்போல மறைத்து வைப்பவர்கள், கயிறு போட்டவன் பெயரை மாடத்தில் விளக்கேற்றி வைக்கிறார்கள்.

அவத்தின் தாய்க்கு ஸிபாலா என்று பெயர். குப்பை என்று பொருள். அவளுக்கு முன் பிறந்த எட்டும் செத்துப்போயின. அவள் பிறந்ததும் அவளைப் பெற்றவள் சாக்கில் சுற்றித் தெருமுனைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அதை 'கண்டெடுத்து' கொண்டுவந்து கொடுத்தாள். யாருக்கும் வேண்டாத பொருளின் மேல் கண் படாது என்ற கணக்கு. கணக்கு பலித்ததோ என்னவோ, குழந்தை பிழைத்தது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பெண்கள் சுவருக்கு மேலாக, "ஸிபாலா, கொஞ்சம் சீரகம் குடு" என்று கூப்பிடுவது என் காதில் எப்போதும் விழும். அவள் நிமிர்ந்துதான் வருவாள். பெண்களுக்குள் அந்தப் பெயர் ஒரு காது வளையம் மாதிரி. ஆண்களுக்குத்தான் அது அழுக்கு.

அவத் வளர்ந்து குடல்கடை போட்டார். ஆட்டுக்குடலைப் புரட்டி, சுண்ணாம்பும் மாவும் புளிக்காடியும் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசுவார். அரிசியும் கொத்தமல்லியும் மிளகும் அடைத்து வேகவைத்துப் பொரித்துக் கொடுப்பார். எனக்கு அந்த வாசனை ஆகாது. ஆனால் அவர் தொட்டியின் தண்ணீர் கடைசி அலசலில் எங்கள் வீட்டுக் குடிதண்ணீரைவிடத் தெளிவாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஷிராஹ் என்பவளைக் கட்டினார். ஒரு மகள். 'என் அம்மா பேரு' என்று சொல்லி அவளுக்கு ஃபாத்திமா என்று வைத்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இனி மூன்றாமவன். தன்த்தா என்ற ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒரு அவத் தஸூக்கி அவத், கழுதையை அறுத்து மாட்டுக்கறி என்று விற்றான். ஒரு கல்யாண விருந்தில் இருநூறு பேர் அதைத் தின்றார்கள். கொல்லைப்புறத்தில் தோலும் குளம்பும் கிடைத்தபோது அவன் ஓடிவிட்டிருந்தான். அவன் இல்லாமலேயே வழக்கு நடந்து, ஐந்து வருடத் தண்டனையும் ஆனது. படமும் இல்லை, கைரேகையும் இல்லை. தாளில் வெறும் பெயர்.

ஃபாத்திமாவின் நிக்காஹ் ஒரு வியாழக்கிழமை என்று நிச்சயமாகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை முற்பகல், கடையில் கூட்டம் இருக்கும்போது, இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவத்தின் ஈரக்கையைப் பிடித்தார்கள். ஒருவன் சத்தமாகக் குற்றத்தைப் படித்தான். தின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்துபோய் ஓரமாக விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தியெடுத்தான். இருபது வருட வாடிக்கையாளன். ஒரு பெயரைக் கேட்டதே அவனுக்குப் போதுமாக இருந்தது. எதிரே காப்பிக்கடை ஸஅதனி வாசலில் நின்று, இரண்டு கையையும் காதருகே வைத்துக் கழுதைபோலக் கத்தினான். தெரு முழுக்கக் கத்தியது. நான் அந்தத் தெருவில் பிறந்ததற்காக அன்று வெட்கப்பட்டேன்.

நான் அவத்தின் தம்பியையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அதிகாரி சின்னப் பையன். சூரியகாந்தி விதையைக் கொறித்து, உமியை மேசைமேல் திறந்திருந்த கோப்பிலேயே துப்பிக்கொண்டிருந்தார்.

"பேரு ஒண்ணு. அப்பன் பேரு ஒண்ணு. பாட்டன் பேரு ஒண்ணு. பொறந்த வருஷம் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் தொழில் கறி. இன்னும் என்ன வேணும் ஹாஜ், உங்களுக்கு? மச்சமும் ஒரே இடத்துல இருக்கணுமா?"

"தாயார் பேரைப் பாத்தீங்களா, பாஷா? பேரு ஒத்துப்போனா அதை வெச்சுத்தானே பிரிப்பாங்க," என்றேன். போலீஸ் அதிகாரியை எங்கள் பக்கத்தில் 'பாஷா' என்றுதான் கூப்பிடுவோம்.

"அதையும் பாத்தாச்சு. தீர்ப்புல ஃபாத்திமா. இவன் அடையாள அட்டையில ஃபாத்திமா. நீங்க வீட்டுக்குப் போங்க, வெயிலு ஏறுது."

அவத்தின் மறைந்த தாய் ஃபாத்திமா இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அறையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை. நானும் அதே ஊர்க்காரன்தானே.

காவலறையின் கம்பிக்கு அருகே போக விட்டார்கள். உள்ளே பதினைந்து பேருக்கு ஒரு வாளி. அது நிறைந்து தரையில் வழிந்திருந்தது. அவத் தன் ஜலபிய்யா அங்கியின் கீழோரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுவதும் குடல் அலசியவர், நிற்க ஒரு சுத்தமான இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"யாரு அவத் அந்த ஃபாத்திமா?" என்றேன்.

"மெதுவா உஸ்தாத்," என்றார். படித்தவன் என்று தெரு என்னை அப்படித்தான் கூப்பிடும்.

"யாருன்னு கேட்டேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி மொத அட்டை எடுக்கப் போனப்ப வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. சன்னலுக்குள்ளேருந்து அந்தப் பொண்ணு கத்தறா, அம்மா பேரு, அம்மா பேருன்னு. எனக்குப் பின்னாடி நின்னது யாரு தெரியுமா? ஸஅதனி. அவன் காதுல விழுந்தா அப்புறம் நான் கடை தொறக்கவா? ஊர்ல பாதிப் பொம்பளைங்க ஃபாத்திமா. அதான் வாயில வந்துச்சு. அப்புறம் பொண்ணு பொறந்தப்ப அதையே நெசமாக்கிடலாம்னு அவளுக்கும் வெச்சேன்."

அட்டையில் மட்டும்தானா அந்தப் பெயர்? அதைக் கேட்டேன்.

"அதுக்கப்புறம் எந்தப் பத்திரத்துலயும் ஃபாத்திமான்னுதான் குடுத்துட்டு வந்தேன். பொய்யைப் பழக்கிட்டேன், விடு."

"அந்தக் கழுதைக்கறிக்காரனோட அம்மாவும் அந்தப் பாதியிலதான் இருக்கா. இப்பவே அதிகாரிகிட்ட உள்ளதைச் சொல்லு. நீயே சொல்லணும். அட்டையில இருக்கிறது தப்புன்னு நீ சொல்லி, ரெண்டு பேரு சாட்சி போட்டாத்தான் பழைய பதிவையே எடுப்பாங்க. நான் போயி எடுத்துக் குடுக்க முடியாது."

"சொல்ல மாட்டேன்."

"வியாழக்கிழமை நிக்காஹ்."

"எனக்குப் பதிலா என் தம்பி மாப்பிள்ளைக்குக் கை குடுக்கட்டும்."

பின்னால் இருட்டில் எவனோ இருமலுக்கு நடுவே கழுதைக் குரல் கொடுத்தான். அவத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் திரும்பிப் பார்த்த அதே முகம். எனக்கு அவர்மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு மகளின் வாழ்க்கை ஒரு தட்டில், காப்பிக்கடைச் சிரிப்பு இன்னொரு தட்டில், இந்த மனிதருக்குத் தராசு அசையவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜ் ஷர்நூபி என் வீட்டுக்கு வந்தார். பருத்தி வியாபாரி. உட்காரவில்லை.

"உஸ்தாத், உங்ககிட்டச் சொல்றேன், நீங்க அங்க சொல்லிடுங்க. அப்பன் உசுரோட இருக்கிறப்ப சித்தப்பன் கை எங்களுக்கு எதுக்கு? வியாழக்கிழமை அந்த ஆளு பள்ளிவாசல்ல வந்து உக்காந்து கையைக் குடுக்கணும். கழுதை வித்தவன் நான் இல்லேன்னு தாளோட வரணும். இல்லேன்னா எங்க பையனுக்கு வேற எடம் கெடைக்கும்."

"பொண்ணு என்ன பண்ணுச்சு ஹாஜ்?"

"ஒண்ணும் பண்ணல. தங்கமான பொண்ணு. ஆனா எங்க வீட்டுக்கு விருந்துக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் கறியை மோந்து பாப்பான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

புதன்கிழமை இன்ஷிராஹ்வைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தவில்லை. சந்தையில் விலை பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"உங்கம்மா அந்தப் பேரோட கல்யாணத்துக்குப் போனா, சாவுக்குப் போனா, ஹஜ்ஜுக்கே போயிட்டு வந்தா. ஒருத்தி சிரிச்சதில்ல. நீ ஒரே ஒரு தடவை சொல்லணும். முடியாதா?"

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேண்டாம். உனக்கு ஃபாத்திமா பெருசா, ஸஅதனி பெருசா? அதை மட்டும் சொல்லு."

அவர் அங்கியை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிப் பிடித்தார்.

"சரி. நான் போறேன். சந்தைக்கு நடுவுல நின்னு, என் மாமியார் பேரு இது, என் புருஷன் வாயில வரமாட்டேங்குதுன்னு கத்தறேன். அப்புறம் ஊரே வந்து பாஷாகிட்டச் சொல்லும்."

அவள் திரும்பி நான்கு அடி போனாள்.

"நில்லு," என்றார் அவத். "நீ சொல்லாதே. நான் சொல்றேன்."

அவரை மேசைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கால் விரல்களுக்கு நடுவே வாளியின் ஈரம். எழுத்தர் பேனாவை எடுத்தார்.

"அட்டையில இருக்கிறது தப்பு பாஷா. எங்கம்மா பேரு ஃபாத்திமா இல்ல."

"அப்ப என்ன?"

அவர் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா. இங்க ஃபேன் ஓடுது."

"ஸிபாலா."

எழுத்தரின் பேனா நின்றது. நடைபாதையில் நின்ற போலீஸ்காரன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அதிகாரி ஒரு உமியை நாக்கால் முன்னுக்குத் தள்ளி விரலால் எடுத்துப் பார்த்தார்.

"மாமா யாராவது இருந்தாங்களா? பேரு என்ன, சாக்கடையா?"

"அவளுக்கு முன்னாடி எட்டுப் பேரு பொறந்தாங்க பாஷா," என்றார் அவத். "எல்லாருக்கும் நல்ல பேரு வெச்சாங்க. ஒண்ணும் தங்கல."

அதிகாரி அந்த உமியைக் கோப்பில் போட்டார்.

"சாட்சி ரெண்டு பேரு. ஒருத்தர் இந்த ஹாஜ். இன்னொருத்தன் யாரு? தம்பி செல்லாது, ரத்த சம்பந்தம். அந்தக் காலத்து ஆளு, அம்மாவைப் பாத்தவன்."

அவத் தரையைப் பார்த்தார். அவர் வயதொத்தவர்களில் தெருவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். யாரிடமிருந்து அந்தப் பெயரை இத்தனை ஆண்டுகள் ஒளித்தாரோ அவனையே கூட்டிவர வேண்டியிருந்தது. நான் போய்க் கூப்பிட்டேன். ஸஅதனி தோளில் துண்டோடு வந்தான். திங்கட்கிழமை கழுதைபோலக் கத்திய அதே வாய்.

"இவரோட தாய் பேரு தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியும் பாஷா. ஸிபாலா. மஸ்ஊத் பொண்ணு. நல்ல பொம்பளை," என்றான் ஸஅதனி. சிரிக்கவில்லை. பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் பதித்துவிட்டுத் துண்டில் துடைத்தான்.

போலீஸ்காரன் காவலறைச் சாவியை எடுத்து வருவதற்குள், நடைபாதையில் அவத் அவன் சட்டையைப் பிடித்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எங்கம்மா உங்கம்மாவை அந்தப் பேரு சொல்லித்தானே தண்ணிக்குக் கூப்பிடுவா. பொறந்ததுலேருந்து தெரியும்."

"அப்ப ஏன் இத்தனை வருஷம் வாயைத் தொறக்கல? நீ விடற ஆளா?"

ஸஅதனி இரண்டு பக்கமும் பார்த்தான். நான் இருப்பதையும் பார்த்தான். ஆனாலும் சொன்னான்.

"எங்கம்மா பேரு கீஷா. சாக்குத்துணி. அவளுக்கு முன்னாடி அஞ்சு. நான் உன்னைச் சொன்னா, எவளாவது கெளவி ஒருத்தி என்னைச் சொல்லுவா. இது வெளியே போச்சு, ரெண்டு பேரையும் வெட்டுவேன்."

சொல்லிவிட்டு என்னோடு எங்கள் தெருவுக்குத் திரும்பிக் கடைக்குப் போனான். படியில் ஏறியதும், உள்ளே இருந்தவர்களுக்காக ஒருமுறை கழுதைபோலக் கத்தினான். அவன் செத்து ஐந்து ஆண்டு ஆகிறது, அதனால் எழுதுகிறேன். குப்பையும் சாக்கும் ஒரே கிணற்றடியில் பேசிச் சிரித்துத் தண்ணீர் எடுத்துப் போனார்கள். அவர்கள் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகள் எதிரெதிர்க் கடையில் உட்கார்ந்து, ஆயுள் முழுவதும் ஒருவனுக்கொருவன் நடுங்கிக் காலம் கழித்தார்கள். இதைவிட அசிங்கமான ஒரு சங்கதியை என் பதிவேடுகளில் நான் எழுதியதில்லை.

வியாழக்கிழமை நண்பகலில் பழைய பதிவைச் சரிபார்த்து அவரை விட்டார்கள். 'மேற்படி ஆள் அவன் அல்லன்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டே இருந்தார். இன்ஷிராஹ் கதவைத் தட்டி இழுத்து வந்தாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் எல்லோரும் உட்கார்ந்தோம். நிக்காஹ் எழுதுபவர் மாப்பிள்ளையின் கையையும் அவத்தின் கையையும் சேர்த்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். ஷர்நூபி கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க. எல்லாரும் கேட்டுக்கட்டும். இவரு எந்த அவத்?"

தாள் அவத்தின் சட்டைப்பையில் இருந்தது. நான் அதை எடுக்கக் கை நீட்டினேன். அவர் மறு கையால் என்னைத் தள்ளினார்.

"கும்மட்டத்துல இருக்கிறவன் இல்ல. பள்ளிக்கூடப் பலகைல இருக்கிறவன் இல்ல. கழுதை வித்தவன் இல்ல," என்றார். "நான் ஸிபாலா மகன் அவத்."

 பின்வரிசையில் ஸஅதனி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷர்நூபி தொண்டையைச் செருமி, "எழுதுங்க," என்றார்.

கல்யாணம் நடந்தது. கும்மட்டத்தில் இன்னும் துணி முடிகிறார்கள். பள்ளிப் பலகைக்குப் போன வருடம் புது வர்ணம் அடித்துத் துப்பாக்கியைப் பெரிதாக்கினார்கள். கழுதைக்கறிக்காரன் இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் அவத்தின் தாள் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் தலைமை ஊருக்குப் போய், வரிசையில் நின்று, சன்னலில் சொல்லி, புதிதாக வாங்க வேண்டும்.

சென்ற முறை எனக்கும் அங்கே வேலை இருந்ததால் கூடப் போனேன். சன்னலுக்குள் இருந்த பெண் தலை நிமிராமல், "அம்மா பேரு?" என்றாள். "ஸிபாலா," என்றார் அவத், குடலுக்கு விலை சொல்வதுபோல. பின்னால் நின்ற ஓர் இளைஞன் களுக்கென்று சிரித்தான். நல்ல உடை, கையில் இரண்டு தொலைபேசி.

அவத் திரும்பினார். அந்தப் பழைய முகம் இல்லை.

"உங்கம்மா பேரு என்ன தம்பி?"

இளைஞனின் காது சிவந்தது. தன் முறை வந்தபோது சன்னலுக்குள் தலையை நுழைத்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்தான்.

"சத்தமா," என்றாள் அந்தப் பெண்.